கிளிக்வியூவிலிருந்து பவர் பிஐக்கு மாறுகிறீர்களா? மீதிப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்களுடையது மிக்சி, கிரைண்டர் மொத்த விற்பனை. எட்டு வருடமாகக் கிளிக்வியூ என்ற அறிக்கை மென்பொருளில் ஓடிய டேட்டா மாடலை (கணக்கு அட்டவணைகளை இணைத்து வைக்கும் அமைப்பு), அதே வேலை செய்யும் பவர் பிஐக்கு மாற்றித் தர, ஒரு சிறு நிறுவனத்திடம் 90,000 ரூபாய்க்குப் பேசிப் பாதியை முன்பணமாகக் கொடுத்தோம். நடுவில் இரண்டு முறை எரர் ஸ்கிரீன்ஷாட் வந்தது. அப்புறம் “எல்லா எரரும் சரி பண்ணியாச்சு சார்” என்றார்கள். ரெஃப்ரெஷ் (கணக்கைப் புதிதாக ஏற்றுவது) தடங்கல் இல்லாமல் முடிவதை ஓட்டியும் காட்டினார்கள். மீதியையும் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் சேலம் கிளை மேலாளர் கூப்பிட்டார். “தம்பி, எங்க கிளையில தீபாவளி மாச விற்பனையே காணோமே?”

அந்தக் கிளைக்கு மட்டும் வரைபடத்தில் பன்னிரண்டு மாதப் பட்டைகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. வருட மொத்தம் பாதிக்கும் கீழே.

சேலம் கணக்கு சிஎஸ்வி கோப்பாக வரும். தேதி 18/10/2024 என்று வெறும் எழுத்தாக இருக்கும். நாள் முதலில், மாதம் பிறகு என்று கிளிக்வியூ ஸ்கிரிப்டின் ஆரம்பத்திலேயே எழுதி வைத்திருந்தோம். புதிய பவர் பிஐ கோப்பிலோ லொக்கேல் (எந்த நாட்டு வழக்கப்படி தேதியைப் படிப்பது என்ற அமைப்பு) அமெரிக்க ஆங்கிலம், அதில் மாதம்தான் முதலில். 18-ஆவது மாதம் ஏது? 13-ஆம் தேதி தொடங்கி மாதக் கடைசி வரை எல்லாம் எரர். லொக்கேலை இந்தியாவுக்கு மாற்றியிருந்தால் முடிந்திருக்கும். அவர்கள் பவர் க்வெரியில் (பவர் பிஐயில் கணக்கை ஏற்றும் முன் திருத்தும் பகுதி) ‘ரிமூவ் எரர்ஸ்’ போட்டுவிட்டார்கள். அது எரர் உள்ள வரியையே முழுதாகத் தூக்கிவிடும். தப்பிய வரிகளிலும் 05/10 என்பது மே 10 ஆகியிருந்தது. ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி விற்றதெல்லாம் ஜனவரியில் போய் உட்கார்ந்திருந்தது.

அடுத்தது இன்னும் மோசம். எங்கள் பொருள் பட்டியலில் MX20a பழைய மாடல், MX20A புதியது. கிளிக்வியூவுக்கு இரண்டும் வேறு. பவர் க்வெரிக்கும் வேறுதான், அதனால் இரட்டிப்பை நீக்கும் ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ போட்டாலும் இரண்டும் தங்கிவிடும். ஆனால் டேட்டா மாடலுக்குள் ஏறும்போது பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. பொருள் பட்டியலில் ஒரே குறியீடு இரண்டு முறை வருகிறது என்று, விற்பனை அட்டவணையோடு அதை இணைக்கும் உறவில் எரர் வரும். இதற்கு அவர்கள் கண்ட வழி, உறவை ‘மெனி டு மெனி’ (இரண்டு பக்கமும் ஒரே குறியீடு பலமுறை வரலாம்) ஆக்கியது. எரர் மறைந்தது. ஒரே விற்பனை பழையது, புதியது என்ற இரண்டு பிரிவிலும் ஏறி, பிரிவுகளின் கூட்டுத்தொகை மொத்தத்தைத் தாண்டிப் போனது. இதைப் பார்த்துத்தான் எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது. தெரியாமல் செய்த தவறு என்று என்னால் நம்ப முடியவில்லை.

கேட்டால், “உங்க டேட்டா அப்படி சார். சுத்தம் பண்ண இன்னும் 25,000 ஆகும்.”

நாங்களே ஒன்பது நாள் உட்கார்ந்து சரிசெய்தோம். தேதி நெடுவரிசைக்கு லொக்கேலைக் குறித்து மாற்றினோம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் கொடுத்து, பவர் க்வெரியிலேயே விற்பனை அட்டவணையோடு மெர்ஜ் செய்து, அந்த எண்ணின் மேல் உறவு போட்டோம்.

நீங்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும், ரெஃப்ரெஷ் ஓடுவதைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். கிளைவாரியாக, மாதவாரியாகப் பழைய தொகையும் புதிய தொகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அட்டவணைக்கு எத்தனை வரி என்பதையும் கேளுங்கள். பவர் க்வெரியைத் திறந்து செய்த மாற்றங்கள் வரிசையாக இருக்கும் ‘அப்ளைடு ஸ்டெப்ஸ்’ பட்டியலைப் பாருங்கள். ‘ரிமூவ் எரர்ஸ்’ இருந்தால் எந்த வரிகள் போயின என்று காட்டச் சொல்லுங்கள். மாடல் படத்தில் உறவுக் கோட்டின் இரண்டு முனையிலும் நட்சத்திரம் (‘மெனி டு மெனி’யின் அடையாளம்) இருந்தால், ஏன் என்று விளக்கம் வாங்காமல் விடாதீர்கள்.

கிளிக்வியூவை நாங்கள் இன்னும் நிறுத்தவில்லை. மார்ச் கணக்கு முடியும் வரை இரண்டும் ஓடும். தினமும் காலையில் சேலம் தொகையை இரண்டிலும் பார்த்த பிறகுதான் மற்ற வேலை.