ஃப்ரீ டெலிவரினு பாத்து ஏமாந்தேன், தோட்டத்துப் பக்கம் இருக்கறவங்க கொஞ்சம் படிங்க

சாப்பாடு ஆர்டர் போடற ஆப்புதான், எதுனு பேர் சொல்லல, ரைடர் என்ன கலர் சட்டை போட்டிருந்தான்னும் கேக்காதீங்க. ஒரே ஒரு ஆர்டர், 130 வெள்ளி (ரிங்கிட்) 60 காசு, அதுல நான் பட்ட பாட்ட மட்டும் சொல்றேன்.

நாங்க இருக்கறது மலேசியாவுல, சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். 2007லயே பேர மாத்தி பெஸ்தாரி ஜெயானு வச்சிட்டாங்க, ஆனா எங்க வாயில இன்னும் பத்தாங்தான். டவுன்லயும் யூனிசெல் யூனிவர்சிட்டி பக்கமும் ரைடருங்க ஓடிட்டே இருப்பாங்க, அங்க படிக்கற பிள்ளைங்க ராத்திரி பகலா ஆர்டர் போடும். எங்க வீடு உள்ளுக்கு, மெயின் ரோட்டு சிம்பாங்குலேர்ந்து (ரோடு பிரியற எடம்) செம்பனைத் தோட்டத்துக்குள்ள ரெண்டு கிலோமீட்டருக்கு மேல வரணும், பழைய லயம் (தோட்டத்து வரிசை வீடுங்க), ரோட்டுக்குப் பேரும் கிடையாது வீட்டுக்கு நம்பரும் சரியா கிடையாது.

போன ஞாயித்துக்கெழம கிள்ளான்லேர்ந்து மாமா வீட்டுல எல்லாரும் திடீர்னு கெளம்பி வந்துட்டாங்க. காலைல பத்தரைக்கு போன் பண்ணி வந்துட்டு இருக்கோம்ங்கறாங்க, வீட்டுல இருக்கறது கருவாடும் நாலு கத்திரிக்காயும். சரினு ஆப்ப தெறந்தேன், நாங்க எப்பவும் தாபாவ் (பார்சல்) பண்ற பிரியாணி கடை அதுல இருக்கு, மேல பெருசா ஃப்ரீ டெலிவரினு வேற போட்டிருந்துச்சு. ஆறு கோழி பிரியாணி, ரெண்டு மட்டன் வறுவல் போட்டேன். பசியோட ஒரு பட்டாளம் வருதுங்கற பதட்டத்துல பில்ல யாரு பாக்கறது, அமுக்கிட்டேன்.

மறுநாள்தான் உக்காந்து பாத்தேன். கடையில கோழி பிரியாணி 11 வெள்ளி, ஆப்புல 14.50. வறுவல் கடையில 14, ஆப்புல 18. இதுலயே 29 வெள்ளி கூட போயிடுச்சு. பெட்டிக்கு ஒண்ணுக்கு 50 காசுனு எட்டுக்கு 4 வெள்ளி (கடையில எலையும் பேப்பரும் வச்சு கட்டிக் குடுப்பாங்க, அதுக்கு எப்பவும் காசு வாங்குனது இல்ல), அப்புறம் பிளாட்ஃபார்ம் ஃபீனு 70 காசு. அந்த ஃப்ரீ டெலிவரி இருக்கே, அது அஞ்சு வெள்ளி வரைக்கும்தான் ஃப்ரீயாம், நம்ம தூரத்துக்கு 7.90, அதனால மிச்சம் 2.90 நம்ம தலையில. நேரா போய் வாங்கியிருந்தா 94 வெள்ளி. 36 வெள்ளி 60 காசு சும்மா குடுத்திருக்கேன், நம்ம ஊர்ல அது ஒரு குடும்பத்துக்கு ரெண்டு நாள் காய்கறி.

சரி, வசதிக்கு குடுத்த காசுனே வச்சிக்குவோம். அந்த வசதியாவது வந்துச்சானு கேளுங்க.

ஒரு மணிக்கு ரைடர் போன் அடிக்கறான். "காக், ஜாலான் தானா, மோட்டோ தாக் போலே மாசோக் லா." மொத நாள் மழை, மண்ணு ரோடு, செம்பனை லோரி போயி போயி பள்ளமா கெடக்கு, மோட்டார் உள்ள வராதுங்கறான். கோயில் தாண்டி ரெண்டாவது லயம்னு நோட்ல எழுதியிருந்தேன், அத அவன் பாத்தானா தெரியல, மேப்புல பின்னு நடு செம்பனையில நிக்குது. சிம்பாங்குக்கு வாங்கனு சொல்லிட்டான். எங்க வீட்டுக்காரரு மோட்டார எடுத்துட்டு போறாரு, அவரு பாதி வழி கூட போயிருக்க மாட்டாரு, இங்க என் போன்ல டெலிவர்டுனு வந்துடுச்சு. அந்தப் பையன் மேல முழுசா கோவப்படவும் முடியல, அடுத்த ஆர்டருக்கு ஓடணும், நம்ம ரோட்டுல விழுந்தா கால் அவனோடதுதான் போகும். ஆனா நமக்கு சாப்பாடு கைக்கு வர்றதுக்கு முன்னாடியே டெலிவர்டுனு அமுக்குனது தப்புதானே.

பிளாஸ்டிக் பை ஸ்டேப்ளர் அடிச்சிருந்ததால அங்க யாரும் பிரிச்சுப் பாக்கல. வீட்டுல தெறந்தா ஆறு பிரியாணி இருக்கு, ரெண்டு பெட்டியில கொழம்பு ஊத்தி மத்த பெட்டியெல்லாம் ஊறிப் போச்சு, மட்டன் வறுவல காணோம். மாமா "பரவால்லமா விடு"ங்கறாரு, அந்த வார்த்தையிலதான் எனக்கு மானமே போச்சு. மாமியார் ஒண்ணும் பேசாம எந்திரிச்சுப் போய் முட்டைய பொரிச்சு கொண்டாந்து வச்சாங்க.

ஆப்புல கம்ப்ளைன் பண்ணேன். மொதல்ல ரோபோ பதில் சொல்லுது, டெலிவரி முடிஞ்சிடுச்சு, வருந்துறோம், இந்தாங்க 10 வெள்ளி வவுச்சர், ஏழு நாள்ல 30 வெள்ளிக்கு மேல ஆர்டர் போட்டா செல்லும். ரெண்டு வறுவல், 36 வெள்ளி சாமான காணோம், 10 வெள்ளி வவுச்சராம். கோவத்துல அவங்க ஃபேஸ்புக் பேஜ்ல போய் நாலு வரி கமெண்ட் போட்டேன், அதான் நான் பண்ண அடுத்த முட்டாத்தனம். பத்து நிமிஷத்துல அதே லோகோ வச்ச ஒரு அக்கவுண்ட் மெசேஜ் பண்ணுது, ரீஃபண்ட் டிபார்ட்மெண்டாம், ஒரு ஃபைல் அனுப்பி இத போன்ல ஏத்துங்க, பேங்க் விவரத்த போடுங்கனு. நானும் ஏத்தப் போனேன், தங்கச்சி மவன்தான் போன புடுங்கி "பெரிம்மா இது ஏபிகே, உங்க பேங்க்கையே தொடச்சிடுவானுங்க"னு கத்துனான். இந்த மாதிரி யாருக்காவது காசு போயிருந்தா லேட் பண்ணாம 997க்கு (ஸ்கேம் புகார் நம்பர்) அடிங்க. எதாவது பேங்க் நம்பர் மேல சந்தேகம்னா போலீஸோட செமாக் மியூல் பேஜ்ல போட்டுப் பாக்கலாம்.

திங்கக்கெழம கடைக்கே போனேன், சண்ட போடத்தான் போனேன். கடை அண்ணன் தலையில கை வச்சிட்டாரு. மட்டன் பன்னெண்டரைக்கே முடிஞ்சு போச்சாம், கூட்டத்துல ஆப்புல அத மூட மறந்துட்டாங்களாம். வெலைய கேட்டா "100 வெள்ளிக்கு வித்தா கிட்டத்தட்ட 30 அவங்களுக்கு போவுதும்மா, நான் என்னா பண்றது"ங்கறாரு. 2020 மார்ச் 18ல எம்சிஓ (கொரோனா ஊரடங்கு) போட்டப்ப கடையில உக்கார விடாம செஞ்சாங்கல்ல, அப்ப வேற வழி இல்லாம சேந்தவராம், இப்ப வெளிய வரவும் பயம். அப்புறம் சொன்னாரு பாருங்க, "எனக்கு ஒரு போன் அடிச்சிருந்தா கடை வெலைக்கே என் மவன் வேன்ல கொண்டாந்து போட்டிருப்பானே, நாலு வெள்ளி குடுத்தா போதும்." அந்தப் பையன் கோயில் திருவிழாவுக்கு வருஷா வருஷம் எங்க லயத்துக்கு வர்றவன், வழி சொல்லவே வேணாம்.

நான் விடல. பை, ஆறு பெட்டி, ரைடர் போன் அடிச்ச நேரம், டெலிவர்டுனு வந்த நேரம், எல்லாத்தையும் படம் புடிச்சு வச்சிருந்தேன் (அதுவும் தங்கச்சி மவன் சொல்லித்தான்). சாட்ல அத அனுப்பி, பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்கு போறேன்னு எழுதுனேன். ட்ரிபியூனல்னு சொல்வாங்களே அதான், அஞ்சு வெள்ளி கட்டுனா போதும், வக்கீல் வேணாம், 50,000 வெள்ளி வரைக்கும் கேஸ் எடுப்பாங்க. அத எழுதுனதுக்கப்புறம்தான் ரோபோ போயி ஒரு மனுஷி வந்தாங்க. அஞ்சு நாள் கழிச்சு 36 வெள்ளி வந்துச்சு.

பேங்க்குக்கு இல்ல, ஆப்போட வாலெட்டுக்கு. அத எடுக்கணும்னா அதுலயே இன்னொரு தடவ ஆர்டர் போடணுமாம்.