சென்னையில் லீஸுக்கு வீடு பார்க்கிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மாத வாடகை கட்டி மாளாமல், லீஸுக்கு (மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்து, மாத வாடகை இல்லாமல் குடியிருந்து, காலி செய்யும்போது அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது) ஒரு வீடு கிடைத்தால் போதும் என்று தேடிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்களிடம் ஏழு லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனம் ஏமாற்றியிருக்கிறது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை. போர்டை மாற்றிக்கொண்டு அடுத்த பேட்டையில் கடை திறந்துவிடுவார்கள். அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்திருக்க வேண்டும்.

வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் வீட்டு உரிமையாளரிடம் போகிறார்கள். "வீட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், மாதம் பிறந்தால் வாடகை உங்கள் கணக்குக்கு வந்துவிடும்" என்று சொல்லி வீட்டை மாத வாடகைக்கு எடுக்கிறார்கள். அதே வீட்டை நம்மிடம் லட்சக்கணக்கில் லீஸுக்கு விடுகிறார்கள். லீஸ் என்று ஒன்று நடந்ததே உரிமையாளருக்குத் தெரியாது. அவர் விட்டிருப்பது மாத வாடகைக்கு என்பது நமக்குத் தெரியாது. சில மாதங்கள் நம் பணத்திலிருந்தே அவருக்கு வாடகை போகும். புதிதாக லீஸ் பணம் கட்ட ஆட்கள் வந்துகொண்டிருக்கும் வரை இது ஓடும். வரத்து குறைந்ததும் முதலில் வாடகை நிற்கும், பிறகு போனை எடுக்க மாட்டார்கள், கடைசியில் அலுவலகத்தில் பூட்டு தொங்கும்.

எங்களுக்குக் காட்டியது ஆதம்பாக்கத்தில் இரண்டு படுக்கையறை வீடு. பரங்கிமலை நிலையத்துக்கு நடந்தே போய்விடலாம், மின்சார ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில். பாரிமுனையில் வேலை செய்யும் என் கணவருக்கும் கிண்டிக்குப் போகும் எனக்கும் அதைவிடத் தோதான இடம் கிடையாது. அங்கே அப்படி ஒரு வீட்டுக்கு எங்களிடம் சொன்ன வாடகை 18,000 ரூபாய். பராமரிப்புச் செலவும் கோடையில் தண்ணீர் லாரிக்குக் கொடுப்பதும் தனி. லீஸ் என்றால் இரண்டு வருடத்துக்கு ஏழு லட்சம், காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பி வரும் என்றார்கள். அப்பா ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்திலிருந்து நான்கு லட்சம் கொடுத்தார். மீதி மூன்று லட்சத்துக்கு என் நகைகள் வங்கிக்குப் போயின.

உரிமையாளரிடம் பேச வேண்டும் என்று நாங்கள் கேட்காமல் இல்லை. அவர் துபாயில் இருப்பதாகச் சொல்லி வீடியோ அழைப்பில் ஒருவரைக் காட்டினார்கள். அவரும் "நிறுவனம்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறது, கவலைப்படாதீர்கள்" என்றார். உரிமையாளர் சார்பில் செயல்பட நிறுவனத்துக்கு அதிகாரம் தருவதாகச் சொன்ன, நோட்டரி முத்திரை குத்திய அதிகாரப் பத்திரத்தின் நகலும் கொடுத்தார்கள். சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தோம். அதில் இருந்த பெயரும் அவர்கள் சொன்ன பெயரும் ஒன்றுதான். பெயர் சரி, ஆள்தான் வேறு.

உண்மையான உரிமையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கும்பகோணத்திலிருந்து வந்து கதவைத் தட்டினார். வயதானவர், ஓய்வு பெற்ற ஆசிரியர்.

"யாரம்மா நீங்கள்? மூன்று மாதமாக வாடகை வரவில்லையே?"

"நாங்கள் லீஸுக்கு இருக்கிறோம் சார். ஏழு லட்சம் கட்டியிருக்கிறோம்."

"யாரிடம் கட்டினீர்கள்?"

அதற்கு மேல் அவரால் நிற்க முடியவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தேன். அவர் துபாயைக் கண்ணால்கூடக் கண்டதில்லை. அவருடைய ஒப்பந்தத்தையும் எங்களுடையதையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம். இரண்டிலும் அதே ஊதா முத்திரை, அதே கையெழுத்து. அவருடையதில் மாத வாடகை 16,000 என்று இருந்தது. எங்களுடையதில் லீஸ் என்ற சொல்லே இல்லை. நாங்கள் கொடுத்த பணம் 'திருப்பித் தரத்தக்க முன்பணம்' என்றும், காலம் 11 மாதம், பிறகு புதுப்பிக்கலாம் என்றும் எழுதியிருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் சொத்து விவரத்தில் அவர் பெயர் ஒரு முறை வருகிறது. அவருடைய கையெழுத்து எந்தப் பக்கத்திலும் இல்லை.

அந்த 11 மாதத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி பதிவு செய்தாக வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போனால் உரிமையாளரோ, முறையாக அதிகாரம் பெற்றவரோ நேரில் வந்து நிற்க வேண்டும். அந்த இடத்துக்கே போகாமல் இருக்கத்தான் 11 மாதம்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். லீஸில் உரிமையாளருக்கு மிஞ்சுவது அந்தப் பணத்தின் வட்டிதான். ஏழு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 49,000 ரூபாய், மாதம் நான்காயிரம் சொச்சம். 18,000 வாடகை வரும் வீட்டை யாராவது நான்காயிரத்துக்கு விடுவார்களா? பணம் அவசரமாகத் தேவைப்படும் உரிமையாளர் விடுவார். மகள் கல்யாணம் இருக்கும், வீட்டுக் கடனை அடைக்க வேண்டியிருக்கும். அப்படிப்பட்டவர் பணம் வாங்கத் தானே முன்னால் வருவார், பணமும் அவர் கணக்குக்குப் போகும். நடுவில் இருப்பவர் மட்டுமே பேசுகிறார், அவர் கணக்கிலேயே பணம் கேட்கிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

காவல் நிலையத்தில் "இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று திருப்பி அனுப்பினார்கள். இதைக் கேட்டு யாரும் வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம். பொய் சொல்லிப் பணம் பறிப்பது புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவில் வரும் குற்றம். பழைய சட்டத்தில் 420 என்று நாம் எல்லோரும் அறிந்தது. நாங்கள் வேப்பேரியில் உள்ள ஆணையர் அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, ரசீது வாங்கினோம். அதே நிறுவனத்தில் பணம் கட்டிய வேறு குடும்பங்களையும் அங்கேதான் பார்த்தோம். கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு பெண் பணத்தை ரொக்கமாகக் கொடுத்திருந்தார். அவரிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எங்கள் பணம் முழுவதும் வங்கி வழியாகப் போனதால் ஆதாரம் இருக்கிறது.

உரிமையாளர் நல்ல மனிதர். எங்களை வெளியே தள்ளவில்லை. இப்போது அவரோடு நேரடியாகப் புதிய ஒப்பந்தம் போட்டு, மாதம் 16,000 அவருக்குக் கட்டுகிறோம், நகைக்கடன் வட்டி தனியாகப் போகிறது. எல்லோருக்கும் இப்படிப்பட்டவர் அமைவதில்லை. நாங்கள் சந்தித்த ஒரு குடும்பத்துக்குத் தண்ணீரை நிறுத்தியிருக்கிறார்கள். வாடகைத் தகராறு எதுவானாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்த உரிமையாளருக்கு அதிகாரம் இல்லை என்று தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் சொல்கிறது.

அந்தச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். வாடகைக்கு எடுத்தவர் உள்வாடகைக்கு விட வேண்டுமானால் உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். "நிறுவனம் பார்த்துக்கொள்கிறது" என்று சொல்கிறவர்களிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். வில்லங்கச் சான்றில் பெயரோடு நிறுத்தாமல், வங்கி அடமானம் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள். உரிமையாளரின் விலாசத்தையும் எண்ணையும் இடைத்தரகரிடம் வாங்காதீர்கள். கீழ்வீட்டுக்காரர், குடியிருப்போர் சங்கம், காவலாளி என்று யாராவது ஒருவருக்கு உண்மையான உரிமையாளரைத் தெரிந்திருக்கும்.

ஆதம்பாக்கம், நங்கநல்லூர், மடிப்பாக்கம், வேளச்சேரி பக்கம் ஏற்கெனவே நிறுவனத்திடம் லீஸ் பணம் கட்டிக் குடியிருப்பவர்கள், இரண்டு வருடம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உரிமையாளரை இந்த வாரமே தேடிப்பிடித்து, உங்களை அவருக்குத் தெரியுமா, கடைசியாக எந்த மாதம் வாடகை வந்தது என்று கேளுங்கள். அவர் வாடகை என்ற சொல்லைச் சொன்னாலே, ஒப்பந்தத்தையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் எடுத்துக்கொண்டு அன்றே புகார் கொடுங்கள்.