முதல் பாடல் எது? பேஸ் கிட்டார் தொடங்குவோருக்கு ஐந்து பாடல்களின் ஒப்பீடு

பேஸ் கிட்டார் கற்கத் தொடங்குபவர் எந்தப் பாடலில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் பதிலாக வரும்: ‘செவன் நேஷன் ஆர்மி’, ‘வித் ஆர் வித்அவுட் யூ’, ‘ஸ்டாண்ட் பை மீ’, ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’, ‘பில்லி ஜீன்’. ஐந்தும் நல்ல பாடல்கள். ஆனால் ஐந்தையும் “எளிது” என்ற ஒரே சொல்லில் அடக்குவது கற்பவருக்கு உதவாது. ஒன்று இடது கைக்கு எளிது, வலது கைக்குக் கடினம். இன்னொன்று இரண்டு கைக்கும் எளிது, தாளத்துக்குக் கடினம். இங்கே நான் கையாளும் அளவுகோல் ஒன்றே: முதல் பாடலைத் தொடக்கம் முதல் முடிவு வரை, மூல ஒலிப்பதிவோடு சேர்ந்து, நடுவில் நிற்காமல் வாசித்து முடிக்க முடிய வேண்டும். டிரம்ஸோடு கைகோத்துப் பாடலை நிறுத்தாமல் நடத்திச் செல்வதுதான் பேஸ் வாசிப்பவரின் வேலை என்பதால், இரண்டு வரி ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்துண்டு) ஒன்றை நண்பர்களிடம் வாசித்துக் காட்டுவதைவிட ஒரு முழுப் பாடலைத் தாங்கி நிற்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

2003இல் வெளிவந்த ‘செவன் நேஷன் ஆர்மி’யின் பெயர்பெற்ற ரிஃப் உண்மையில் பேஸில் வாசிக்கப்பட்டதே இல்லை, ‘த ஒயிட் ஸ்ட்ரைப்ஸ்’ இசைக்குழுவில் பேஸ் வாசிப்பவரே கிடையாது. சாதாரண கிட்டாரின் ஒலியை காலால் இயக்கும் ஒலிமாற்றுக் கருவியான பெடல் ஒன்றின் மூலம் ஒரு ஸ்தாயி கீழே இறக்கித்தான் அந்த ஒலி உருவாக்கப்பட்டது. ஆனாலும் பேஸில் அது அழகாகப் பொருந்துகிறது. ஏழே ஸ்வரங்கள், ஏழையும் ஏ தந்தியிலேயே, 7, 7, 10, 7, 5, 3, 2 என்ற ஃப்ரெட்டுகளில் (கிட்டார் கழுத்தின் குறுக்கே வரும் உலோகக் கட்டைகள் பிரிக்கும் இடங்கள்) வாசித்துவிடலாம். முதல் நாளிலேயே கேட்பவர் அடையாளம் கண்டுகொள்ளும் ஓர் இசைத்துண்டு கையில் வந்துவிடுகிறது. அந்த உற்சாகத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இதன் குறைகளும் அந்த எளிமையிலிருந்தே பிறக்கின்றன. ஒரே தந்தியில் மேலும் கீழும் ஓட வேண்டியிருப்பதால், தொடங்குபவர் ஆள்காட்டி விரல் ஒன்றையே வைத்து எல்லாவற்றையும் அழுத்தப் பழகிவிடுகிறார். அந்தப் பழக்கத்தைப் பின்னால் மாற்றுவது மிகக் கடினம். பத்தாம் ஃப்ரெட்டைச் சுண்டு விரலால் தொடும்படி தொடக்கத்திலேயே கட்டாயப்படுத்திக்கொள்வது நல்லது. மேலும், நடுவில் வரும் மூன்று ஸ்வரங்கள் அடிகளின் மேல் நேராக உட்காராமல் சற்று விலகி விழுகின்றன. புதியவர்கள் அவற்றை நேராக்கிவிடுவதால் ரிஃப் தட்டையாகிவிடுகிறது. தனியாக வாசிக்கும்போது இது காதில் படாது, ஒலிப்பதிவை ஓடவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரானது 1987இல் வந்த யூ2 குழுவின் ‘வித் ஆர் வித்அவுட் யூ’. தனித்துத் தெரியும் ரிஃப் எதுவும் இதில் இல்லை. டி, ஏ, பி மைனர், ஜி என்ற நான்கு கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்), நான்கு அடி கொண்ட பாருக்கு ஒன்றாகச் சுழன்றுகொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றின் மூல ஸ்வரத்தையும், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரத்தையும், குழுவின் பேஸ் கலைஞர் ஆடம் கிளேட்டன் பாருக்கு எட்டு முறை சீராக மீட்டுகிறார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 110 அடி வேகத்தில் கிட்டத்தட்ட ஐந்து நிமிடம் இப்படிப் போவதால், இடது கைக்கு வேலை மிகக் குறைவு, வலது கைக்கோ இது முழுமையான பயிற்சி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி, ஒரே அழுத்தத்தில், ஒரே இடைவெளியில் மீட்ட வேண்டும். எந்த விரல் பலவீனமானது என்பது இரண்டாவது நிமிடத்திலேயே ஒலியில் தெரிந்துவிடும்.

இந்தப் பாடலை எங்கே வைத்து வாசிப்பது என்பதிலும் தேர்வு உண்டு. டியையும் ஏயையும் விரலே வைக்காமல் வெறும் தந்திகளாக மீட்டலாம் என்பது முதலில் சுலபமாகத் தோன்றும். ஆனால் டி தந்தியை மீட்டிவிட்டு ஏ தந்திக்கு இறங்கும்போது, டி தானாக அடங்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதை அடக்க இடது கை விரல் ஒன்று அதைத் தொட்டாக வேண்டும். மாறாக டியை ஏ தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டிலும், மற்ற மூன்றையும் ஈ தந்தியின் 5, 7, 3ஆம் ஃப்ரெட்டுகளிலும் வைத்தால், அழுத்திய விரலைச் சற்றுத் தளர்த்தினாலே ஒலி நின்றுவிடும். விரலுக்குக் கூடுதல் உழைப்பு என்றாலும் இந்த இரண்டாவது வழியே தெளிவான ஒலியைத் தருகிறது.

பென் ஈ. கிங் பாடிய ‘ஸ்டாண்ட் பை மீ’ 1961இல் வந்தது. மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஏ கார்டில் இரண்டு பார், எஃப் ஷார்ப் மைனரில் இரண்டு, டியில் ஒன்று, ஈயில் ஒன்று, மீண்டும் ஏயில் இரண்டு என எட்டு பார் கொண்ட ஒரே சுற்றுதான் பாடல் முழுவதும். சரணம், பல்லவி என்று எதற்கும் அது மாறுவதில்லை. யூ2 பாடலிலிருந்து இது வேறுபடும் முக்கியமான இடம் மௌனம். இங்கே பேஸ் தொடர்ந்து ஒலிப்பதில்லை. ஸ்வரங்களுக்கு நடுவே இடைவெளி விழுகிறது, அந்த இடைவெளியையும் வாசிப்பவரே எண்ணிக் காக்க வேண்டும். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்கு அழைத்துச் செல்லும் சின்னஞ்சிறு படிகளும் உண்டு. பேஸ் எப்படிப் பேசுகிறது என்பதை ஒரு தொடக்கக்காரர் முதன்முதலில் உணர்வது பெரும்பாலும் இத்தகைய படிகளில்தான்.

யூ2 பாடல், ‘ஸ்டாண்ட் பை மீ’ ஆகிய இரண்டில் எதை முதலில் எடுப்பது என்பதே உண்மையான போட்டி. நான் ‘வித் ஆர் வித்அவுட் யூ’வைச் சொல்வேன். காரணம், தவறினால் மீள்வது அதில் எளிது: ஒரு ஸ்வரம் பிசகினாலும் அதே ஸ்வரம் அடுத்த கணமே திரும்ப வருகிறது, கார்டையே தவறவிட்டால்கூட அடுத்த பாரின் முதல் அடியில் சேர்ந்துகொள்ளலாம். எட்டு முறை மீட்டுவது கையை வலிக்கச் செய்தால், முதல் சில நாட்கள் அடிக்கு ஒன்று வீதம் நான்காகக் குறைத்து வாசித்தாலும் பாடல் குலையாது. ‘ஸ்டாண்ட் பை மீ’யில் இடைவெளியைத் தவறவிட்டால் சுற்றே தடம் மாறிவிடும். ஆயினும் உடன் பாடுவதற்கு ஒருவர் இருக்கிறார் என்றால் என் தேர்வு மாறும்: ஒரு குரலும் ஒரு பேஸும் மட்டுமே இருந்தாலும் ‘ஸ்டாண்ட் பை மீ’ முழுப் பாடலாகவே ஒலிக்கும், யூ2 பாடல் அப்படி ஒலிக்காது.

மற்ற இரண்டும் முதல் பாடல்கள் அல்ல. ‘அனதர் ஒன் பைட்ஸ் த டஸ்ட்’ (1980) குவீன் குழுவின் பேஸ் கலைஞர் ஜான் டீக்கன் எழுதியது. ஸ்வரங்கள் சொற்பம், ஆனால் ஒவ்வொன்றையும் வெட்டியதுபோல் நிறுத்த வேண்டும். ஈ தந்தியை ஒலிக்கவிட்டுவிட்டால் அந்தப் பாடலின் மிடுக்கே போய்விடும். மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ (1982) பாருக்கு எட்டு ஸ்வரம், அவை தந்தி மாறித் தந்தி தாவுகின்றன, மூச்சு விட இடமில்லை. வலது கை சில மாதம் பழகிய பிறகே அதைத் தொடுவது நல்லது.

இந்தப் பட்டியலுக்கு வெளியே இன்னொரு வழியும் உண்டு: தமக்கு மிகவும் பிடித்த ஏதேனும் ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அதன் அசல் பேஸ் வரியை விட்டுவிட்டு, கார்டுகளின் மூல ஸ்வரங்களை மட்டும் வாசிப்பது. ஆர்வம் குன்றாமல் இருக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் அசலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள இதில் வழியில்லை என்பதால், தாளம் தளர்வதை வாசிப்பவரே கவனிக்காமல் போகலாம். ஆகவே இதை அசல் வரி ஒன்றுக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மாற்றாக அல்ல.

எதைத் தேர்ந்தாலும் ஒலிப்பதிவை நல்ல ஹெட்போனில் கேட்டே கற்க வேண்டும். பேஸின் ஈ தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரால் அந்த அடி ஒலியைத் தர இயலாது. ஹெட்போனில் கேட்கும்போதுதான் ஒரு ஸ்வரம் எங்கே தொடங்குகிறது என்பதோடு எங்கே முடிகிறது என்பதும் காதில் விழும். ‘ஸ்டாண்ட் பை மீ’யை எடுப்பவருக்கு அந்த முடிவுகளே பாடத்தில் பாதி.