எங்கள் ஊர் பிஆர்சி: இரண்டு வருடம் போய் வந்தவள் எழுதுகிறேன்

மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு உதவும் எங்கள் ஊர் அரசு மையத்துக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். கட்டடத்தைப் பார்த்து மார்க் போட்டிருந்தால் ஒன்றுகூட வராது, ஆட்களுக்காகத்தான் இந்த மூன்றரை. எந்த ஒன்றியம் என்று எழுதப் போவதில்லை. அங்கே வேலை செய்பவர்கள் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறவர்கள், நான் எழுதியதை வைத்து யாராவது போய் அவர்களைக் கேள்வி கேட்டால் அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்.

என் மகளுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு, எங்கள் தெருமுனையில் இருக்கும் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. பிறந்ததிலிருந்து மூளை முடக்குவாதம். இரண்டு காலும் இறுக்கம், வாக்கர் பிடித்து நடப்பாள், கை பரவாயில்லை, பேச்சு இழுக்கும், ஆனால் வாய் மட்டும் ஓயாது. ஆங்கிலப் பள்ளி ஒன்றில் எல்கேஜி சேர்க்கப் போனபோது "இங்கே படிக்கட்டு நிறைய இருக்கும்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினார்கள். அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

பிஆர்சி என்றால் வட்டார வள மையம். ஒன்றியத்துக்கு ஒன்று இருக்கும், பெரும்பாலும் ஏதாவது ஒரு பள்ளி வளாகத்தின் ஓரத்தில். ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடக்கிற இடம் என்றுதான் பலருக்கும் தெரியும். அதே இடத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குப் பகல்நேர மையமும் இருக்கிறது, பிசியோதெரபி இருக்கிறது, பள்ளிகளுக்குப் போய்ப் பார்க்கும் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்தும் சொல்லித் தருகிறார்கள். 18 வயது வரைக்கும். ஒரு பைசா கட்ட வேண்டாம். இது எனக்குத் தெரியாமலே நான்கு வருடம் டவுனில் தனியாரிடம் அரை மணி நேரத்துக்கு 400 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தேன், தையல் மெஷினில் சம்பாதித்தது அப்படியே போனது.

முதலில் பிசியோ. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள், தலா அரை மணி நேரம். அறையில் இணைக்கம்பி இருக்கிறது, பெரிய பந்து இருக்கிறது, நிற்க வைக்கும் மரச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. அதன் பெல்ட் அறுந்து எத்தனை வருடமோ. பிசியோ சார் துண்டை முறுக்கி இடுப்பைக் கட்டி நிற்க வைப்பார். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் பிள்ளை இருபது நிமிடம் நேராக நிற்கிறாள். தனியாரிடம் நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெரியாது. இங்கே முதல் நாளே என் கையைப் பிடித்துத் தொடைப் பின்பக்கத்தில் வைத்து, எவ்வளவு இழுக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். "அக்கா, வாரத்துக்கு 168 மணி நேரம், அதுல நான் ஒரு மணி நேரம்தான் பிடிக்கிறேன், மிச்சம் 167 உங்க கையிலதான்" என்றார். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். இவருக்கு இரண்டு ஒன்றியம், வெயிலில் பைக்கில் வந்து இறங்குவதைப் பார்த்த பிறகு கோபம் எங்கே வரும். பிசியோவுக்கு ஐந்துக்கு ஐந்து.

போக்குவரத்துக்கு ஒன்று. வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர், மினி பஸ்ஸில் வாக்கரையும் பிள்ளையையும் ஏற்ற முடியாது, ஆட்டோ போக வர 240 ரூபாய். துணைக்கு வருபவருக்கும் பயணத்துக்கும் பணம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. எங்களுக்கு வந்து சேர்ந்தது மார்ச் மாதத்தில், மொத்தமாக. அதுவரை ஆட்டோக்காரத் தம்பி கடன் வைத்துக்கொண்டார், அவருக்கும் சேர்த்து ஒரு மார்க் போட்டுக்கொள்ளுங்கள். பெண் பிள்ளை என்பதால் மாதம் 200 வீதம் 10 மாதத்துக்கான உதவித்தொகையும் வந்தது. சின்னத் தொகைதான், ஆனால் அவள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கில் விழுந்த முதல் பணம்.

உபகரண முகாமுக்குச் சைபர். காலை நேராகப் பிடித்துவைக்கும் ஸ்ப்லிண்டுக்கு ஆடி மாதம் அளவெடுத்தார்கள், பொங்கல் கழித்துத்தான் கையில் வந்தது. வளரும் பிள்ளையின் கால் ஆறு மாதம் அப்படியே இருக்குமா? குதிகால் உள்ளே போகவே இல்லை. வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டாயிற்று. இப்போது அது பரணில் புதிதாகவே இருக்கிறது.

இனி நான் இதை எழுத உட்கார்ந்ததற்கான காரணம். மையத்துக்குப் போய் வருவதுதான் சேவை என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. சிறப்பாசிரியை நம் பள்ளிக்கு வந்து வகுப்பில் உட்காருவதுதான் பெரிய சேவை, கேட்காமல் அது அடிக்கடி கிடைக்காது, ஆகவே கேளுங்கள்.

இரண்டாம் வகுப்பில் இவளைக் கடைசி பெஞ்சில் கதவோரம் உட்கார வைத்திருந்தார்கள், "போக வர வசதி" என்று. எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பத்து நிமிடத்தில் சாய்ந்துவிடுவாள். டீச்சர் "அவளால முடியலம்மா, விடுங்க" என்பார், நானும் கைதான் பிரச்சினை என்று நம்பினேன். சிறப்பாசிரியை ஒரு வியாழக்கிழமை வந்தார். நோட்டைப் பார்க்கவில்லை, நேராகக் குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். கால் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியே போய் இரண்டு செங்கலை எடுத்து வந்து, சாக்கில் சுற்றிச் சணலால் கட்டி, காலுக்கு அடியில் வைத்தார். அடுத்து, பரீட்சை அட்டையின் மேல்பக்கத்துக்கு அடியில் இரண்டு தடிப் புத்தகத்தைக் கொடுத்துச் சாய்வாக்கினார். பென்சிலில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிப் பருமனாக்கினார். அவ்வளவுதான், செலவு பூஜ்யம். கால் ஊன்றினால்தான் இடுப்பு நிற்கும், இடுப்பு நின்றால்தான் கை எழுதும் என்று டீச்சருக்கும் எனக்கும் சேர்த்துச் சொன்னார். அன்றைக்கு 'அம்மா' என்று எழுதியதில் இரண்டு 'ம'வும் கோட்டுக்குள் இருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன்.

இடத்தையும் மாற்றச் சொன்னார், இப்போது இரண்டாவது வரிசை. வகுப்பு டீச்சரையும் குறை சொல்ல மாட்டேன், "எனக்கு 28 பிள்ளைங்க, இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரலையே" என்றார், நியாயம்தானே. செங்கல் கதைக்குப் பிறகு, பாதியைக் கரும்பலகையிலிருந்து எழுதினால் போதும், மீதியை வாயால் சொல்லட்டும் என்று அவராகவே மாற்றிக்கொண்டார். வாயால் சொல்வதென்றால் எங்கள் வீட்டுப் பிள்ளைக்குக் கேட்கவா வேண்டும்.

பிரச்சினை என்னவென்றால் சிறப்பாசிரியை மறுபடி வர ஏழு வாரம் ஆனது. ஒன்றியம் முழுக்கச் சுற்றுகிறார். தொடக்கப் பள்ளியில் மாற்றுத்திறன் பிள்ளைகள் 10 பேருக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று மத்திய அரசு 2022-இல் அறிவித்தது. இவர் கையில் இருக்கும் பட்டியலை நான் பார்த்தேன், இரண்டு பக்கம்.

சாய்தளம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் கட்டியிருக்கிறார்கள், கைப்பிடி பளபளவென்று இருக்கிறது. விதிப்படி ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். வராண்டா உயரம் இரண்டடி, சாய்தளம் எட்டடி. வாக்கரோடு ஏறினால் பின்னால் சாய்கிறாள், இறங்கினால் ஓட்டம் பிடிக்கிறது. போதாததற்குக் கீழே முடிகிற இடத்தில் நாலு அங்குலப் படி ஒன்று. மையத்தில் எழுதிக் கொடுத்தேன், ஒருவர் வந்து போட்டோ எடுத்துப் போனார். போட்டோ நன்றாக வந்திருக்கும்.

எல்லாப் பிள்ளைக்கும் இந்த மையம் ஒத்து வரும் என்றும் சொல்ல மாட்டேன். என்னோடு வரும் ஒரு அம்மாவின் பையனுக்கு ஆட்டிசம். ஒரே அறை, தகரக் கூரை, ஃபேன் சத்தம், பதினைந்து பிள்ளைகள். உள்ளே வந்ததும் காதைப் பொத்திக்கொள்வான். பேச்சுப் பயிற்சி தருபவர் எங்கள் மையத்தில் இல்லை. அவர்கள் சென்னை முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் மத்திய அரசு நிறுவனமான நிப்மெட்டுக்குப் போய் மதிப்பீடு செய்து, வீட்டில் என்ன செய்யலாம் என்று எழுதி வாங்கி வந்தார்கள். அந்தத் தாளைக் காட்டிய பிறகு இங்கேயும் அவனுக்குத் தனி நேரம் ஒதுக்கினார்கள்.

புதிதாகப் போகிறவர்களுக்கு. பள்ளியில் எமிஸ் என்கிற கணினி மாணவர் பதிவில் பிள்ளையை மாற்றுத்திறன் பிரிவில் ஏற்றியிருக்கிறார்களா என்று ஹெச்.எம்.மிடம் முதலில் கேளுங்கள், அதில் பெயர் இல்லாவிட்டால் இவர்கள் பட்டியலிலும் வராது. யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, இல்லை என்று யாராவது பள்ளியில் சேர்க்க மறுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2016 சட்டப்படி 40 சதவீதம், அதற்கு மேல் பாதிப்புள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை அருகில் உள்ள பள்ளியிலோ, விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதல், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு எல்லாம் உண்டு, ஆனால் தேர்வு நெருங்கும்போது ஓடாமல் வருட ஆரம்பத்திலேயே மருத்துவச் சான்றோடு ஹெச்.எம். வழியாக விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். பராமரிப்புத் தொகை பிஆர்சியில் கிடைக்காது, அது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். நான் அங்கேயும் இங்கேயுமாக இரண்டு மாதம் அலைந்தேன்.

எங்கள் மையத்துக்குப் போன் செய்து பயனில்லை, பத்தரைக்குள் நேரில் போய்விடுங்கள். ஆசிரியர் பயிற்சி நடக்கும் நாளில் பிள்ளைகள் அறையையும் அவர்களே எடுத்துக்கொள்வார்கள், முந்தின நாளே பிசியோ சாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறைச் சாவி ஆபீஸ் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.