ஒட்டிப்போன கேஸ்கட்: பிளேடா, டிஸ்க்கா, ரிமூவரா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு ஓடும் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளில் கிளட்ச் கவரைக் கழற்றினால், எண்ணெய் கசியாமல் இருக்க நடுவே வைக்கும் காகிதக் கேஸ்கட் பாதி கவரிலும் பாதி எஞ்சினிலுமாகப் பிய்ந்து நிற்கும். முன்பு மாட்டியவர் சிலிக்கோன் பசையையும் தடவியிருந்தால் வேலை இரட்டிப்பு. எதை வைத்து எடுப்பது என்பது உலோகத்தைப் பொறுத்தது.

இரும்பு பிளாக் உள்ள பழைய டீசல் பம்புக்கு பிளேடே போதும். நன்றாகப் படுக்கவைத்துத் தள்ளினால் சுருள் சுருளாக வந்துவிடும். அலுமினியம் அப்படித் தாங்காது. பிளேடின் மூலை குத்தினால் பள்ளம்தான். கீறல் விளிம்போடு சேர்ந்து ஓடினால் காகிதக் கேஸ்கட் ஓரளவு சமாளிக்கும். உள்ளிருந்து வெளியே குறுக்காக ஓடினால் எண்ணெய்க்கு நாமே வாய்க்கால் வெட்டியதாகும்.

கிரைண்டரில் மாட்டும் உராய்வு டிஸ்க் ஒரு நிமிடத்தில் பளபளப்பாக்கிவிடும். அந்தப் பளபளப்பை நம்பவே கூடாது. கேஸ்கட்டோடு உலோகமும் தேய்ந்து, போல்ட்டுகளுக்கு நடுவே பள்ளம் விழும். அதைவிடக் கெடுதல், டிஸ்க்கிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு தூள். எண்ணெயில் கலந்து பேரிங்கை அரித்துவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் மெக்கானிக்குகளுக்கு இதைத் தவிர்க்கச் சொல்லியே அறிக்கை அனுப்பியது. திறந்த எஞ்சினில் டிஸ்க் வேண்டவே வேண்டாம்.

அலுமினியத்துக்கு எங்கள் தேர்வு கேஸ்கட் ரிமூவர் ஸ்பிரேயும் மூங்கில் சீவலும்தான். முதலில் ஆயில் வழிகளைத் துணியால் அடையுங்கள். கவரில் உள்ள கிக்கர் தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் ஆயில் சீலைக் கழற்றிவிடுங்கள். ரிமூவர் ரப்பரையும் பெயிண்டையும் தின்னும். கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். நம் வெயிலுக்குச் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். உளிபோல் சீவிய மூங்கிலால் தள்ளுங்கள். கருகிய இடத்துக்கு இரண்டாம் முறை அடிக்க வேண்டியிருக்கும். அரைமணி நேரம் ஆகும், ஆனால் கேஸ்கட் உட்காரும் உலோக முகம் கெடாது. இறுகிய சிலிக்கோனை ரிமூவர் அவ்வளவாகக் கரைக்காது. அதை மூங்கிலால் உரித்துத்தான் எடுக்க வேண்டும்.

ஹீட் கன் சிலிக்கோனை இளக்க உதவும், கருகிய காகிதத்துக்குப் பெரிய பயனில்லை. குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த பாகத்தில் சூடு காட்டாதீர்கள். ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகலாம். காஸ்டிக் சோடாவும் கூடாது, அலுமினியத்தையே கரைத்துவிடும்.

எடுத்து முடித்ததும் நகத்தால் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மேடு நகத்தில் தட்டும். கவரைச் சரியான இடத்தில் உட்காரவைக்கும் டவல் பின்கள் (dowel pin) இருக்கும் குழிகளில்தான் துணுக்கு ஒளிந்திருக்கும். புதுக் கேஸ்கட்டை உலர்ந்தபடியே வைத்து, 6 மி.மீ. போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில், சுமார் 10 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். கவரை மூடும் முன் ஆயில் வழியில் திணித்த துணியை எடுத்தாயிற்றா என்று எண்ணிப் பாருங்கள்.