பழைய லண்டன் வீடும் அடுக்கடுக்கான வால்பேப்பரும்: ஸ்டீமர் வாங்கலாமா?

ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் நூறு வருஷத்துக்கும் மேற்பட்ட பழைய டெரஸ் வீடு (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடு) வாங்கியவர்கள், பெயிண்ட் அடிப்பதற்கு முன் சுவரின் ஒரு மூலையைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். மேலே எமல்ஷன் பெயிண்ட் அடித்த வுட்சிப் (மரத்தூள் பதித்த சொரசொரப்பான தாள்), அதற்கடியில் எழுபதுகளின் வினைல் (பிளாஸ்டிக் படலம் போட்ட தாள்), அதற்கும் கீழே பூப்போட்ட மெல்லிய தாள், கடைசியில் வார்னிஷ் ஏறிப் பழுப்பாகிப்போன விக்டோரியா காலத்துத் தாள். இப்படி நாலைந்து அடுக்கு இருப்பது சர்வசாதாரணம். முன்பு குடியிருந்தவர்கள் பழையதை உரிக்காமல் மேலே மேலே ஒட்டிக்கொண்டே போயிருப்பார்கள்.

இதற்கென்றே விற்கும் கருவிதான் வால்பேப்பர் ஸ்டீமர். இயர்லெக்ஸ், வாக்னர் என்று பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே சமாச்சாரம் ஒன்றுதான்: சுமார் 2,000 வாட் கெட்டில், 4 லிட்டர் அளவுத் தொட்டி, ஒரு நீளக் குழாய், நுனியில் பிளாஸ்டிக் தட்டு. விலை பெரும்பாலும் 40 முதல் 60 பவுண்டுக்குள். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஆவி வரப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகும், வெந்நீர் ஊற்றினால் அந்தக் காத்திருப்பு குறையும். ஒருதரம் நிரப்பினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

இது வேலை செய்யும் விதம் நம்மூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பழைய வால்பேப்பரைப் பிடித்துவைத்திருப்பது மாவுப் பசை, சினிமா போஸ்டர் ஒட்டும் மைதாப் பசையின் சொந்தக்காரன். சூடும் ஈரமும் சேர்ந்தால் இளகிவிடும். ஆனால் ஆவி பசை வரைக்கும் போய்ச் சேர வேண்டுமே! வினைலும் எமல்ஷனும் மழைக்கோட்டு மாதிரி, ஒன்றையும் உள்ளே விடாது. ஸ்டீமர் உதவாது என்று புலம்புகிறவர்களில் பாதிப்பேர் இந்தத் தோலோடு மல்லுக்கட்டியவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஆகவே முதலில் தோலை எடுங்கள். வினைலின் மேல்படலம் ஒரு மூலையைக் கிளப்பி இழுத்தால் பெரும்பாலும் காய்ந்த நிலையிலேயே அகலமாக உரிந்து வரும், அடியில் வெறும் தாள் மட்டும் நிற்கும். பெயிண்ட் அடித்த வுட்சிப் அப்படி வராது, அதில் துளை போட்டே ஆக வேண்டும். பேப்பர் டைகர் என்ற பல்சக்கரக் கருவி இதற்குக் கைகண்டது. லேசாக வட்டம் வட்டமாக ஓட்டினால் போதும். அழுத்தி ஓட்டினால் பல் பிளாஸ்டர் வரை இறங்கும், பெயிண்ட் அடித்தபிறகு சுவர் முழுக்க அம்மைத் தழும்பு தெரியும்.

தட்டைச் சுவரில் ஒட்டிவைத்து ஓரத்தைக் கவனியுங்கள். தாள் தட்டைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்கு ஈரத்தில் கறுத்துவந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். ஒற்றைத் தாளுக்கு அரை நிமிஷம், வுட்சிப் என்றால் ஒன்றரை, இரண்டு நிமிஷம் பிடிக்கலாம். ஒரு கையால் தட்டை அடுத்த இடத்துக்கு நகர்த்திக்கொண்டே மறு கையால் வெந்த இடத்தை வழிக்க வேண்டும். ஆறவிட்டால் பசை மறுபடி இறுகிவிடும். கீழிருந்து மேலே போங்கள், ஏறும் ஆவி அடுத்த பகுதியையும் கொஞ்சம் இளக்கிவைக்கும்.

கத்தியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பட்டி வைக்கும் கத்தியும் உரிக்கும் கத்தியும் பார்க்க ஒரே மாதிரி. பட்டிக் கத்தி வளையும், உரிக்கும் கத்தி விறைப்பாக நிற்கும். 4 அங்குல அகலத்தில் விறைப்பானதாக வாங்கி, சுவரோடு கிட்டத்தட்டப் படுத்தபடி தள்ளுங்கள். நிமிர்த்திக் குத்தினால் சுண்ணாம்புப் பூச்சு பெயர்ந்து வரும்.

எல்லா அடுக்கையும் ஒரே மூச்சில் எடுக்க ஆசைப்பட்டு ஆவியை ஒரே இடத்தில் ஐந்து நிமிஷம் பிடித்தால், அடியில் ஏற்கெனவே விட்டுப்போயிருக்கும் பூச்சு தாளோடு சேர்ந்து பொத்தென்று விழும். விரலால் தட்டும்போது பானை மாதிரி சத்தம் வரும் இடங்களில் ஆவியே வேண்டாம், வெந்நீர் நனைத்த ஸ்பாஞ்ச் போதும். பிளாஸ்டர்போர்டு சுவருக்கும் இந்தக் கருவி ஆகாது. அதன் முகமே காகிதம், வால்பேப்பரோடு அதுவும் கையோடு வந்துவிடும்.

கருவியின் மீது நேரடிக் குறை மூன்று. குழாயில் தண்ணீர் தேங்கித் தட்டிலிருந்து கொதிநீராகத் துப்பும், அவ்வப்போது குழாயைத் தூக்கி வடியவிட வேண்டும். கையைத் தூக்கி வேலை செய்யும்போது சூடான தண்ணீர் முழங்கை வரை வழியும், நீளக் கையுறை இல்லாமல் தொடவே கூடாது. தொட்டி காலியானதும் அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்கும். பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிஷம் ஆறவிட்டே திறக்கவும். அந்தச் சுவரில் உள்ள சாக்கெட், சுவிட்ச் சர்க்யூட்டை மெயினில் அணைத்துவிட்டு, ஸ்டீமரை வேறு சர்க்யூட்டிலிருந்து ஓட்டுங்கள்.

விக்டோரியா காலத்துப் பச்சை நிறங்களில் ஆர்சனிக் கலந்திருப்பது உண்டு, பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈரமாக உரிப்பதில் தூசி எழாது என்பது ஸ்டீமருக்குக் கிடைக்கும் பெரிய மதிப்பெண். காய்ந்தபின் உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்தால் அந்த மதிப்பெண் போச்சு. கூரையில் ஆர்டெக்ஸ் (மேடுபள்ள வடிவம் வைத்த பழைய பூச்சு) இருந்தால் அஸ்பெஸ்டாஸ் சோதனை செய்யாமல் ஆவியும் வேண்டாம், கத்தியும் வேண்டாம்.

கடைசி அடுக்கைக் குப்பைப் பையில் திணிப்பதற்கு முன் ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தட்டில் ஊறப்போடுங்கள். அடுக்குகள் தாமாகப் பிரியும். ஓரத்து வெள்ளைப் பட்டை ஒட்டியிருந்தால் அதிர்ஷ்டம். அதில் தயாரிப்பாளர் பெயரோ, ‘ஆர்டி’ (Rd) என்று தொடங்கும் வடிவமைப்புப் பதிவு எண்ணோ இருக்கலாம். 1884இலிருந்து வரிசையாகக் கொடுத்துவந்த எண் அது, லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவேடுகளில் தேடிப்பார்க்கலாம்.

உரித்த சுவரை அப்படியே விடாதீர்கள். மிச்சப் பசைமேல் எமல்ஷன் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். வெந்நீரும் சுகர் சோப்பும் (பெயிண்டுக்கு முன் சுவர் கழுவ விற்கும் பொடி அல்லது திரவம்) போட்டுக் கழுவி, சில நாள் உலரவிடுங்கள். ஈரவிரலால் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டுகிறதா? அது டிஸ்டெம்பர், அதையும் கழுவியே எடுக்க வேண்டும்.

ஒரே அறை என்றால் வாடகைக்கு எடுப்பது போதும். அதற்கு மேல் போனால் வாங்கிவிடுவதே கணக்குக்குச் சரி. லண்டன் தண்ணீர் சுண்ணாம்பு மிகுந்த கடின நீர், தொட்டிக்குள் வெள்ளையாகப் படியும். கையேடு அனுமதித்தால் வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து அலசி, குழாயைத் தொங்கவிட்டுக் காயவைத்து எடுத்துவையுங்கள்.