மெதுவாக வளரும் வீட்டு இணையக் கடை: அதிலேயே இருப்பதா, வேறு தொடங்குவதா?

கையால் தைத்துக் கட்டும் நோட்டுப் புத்தகங்களை வீட்டிலிருந்தே இணையத்தில் விற்கிறேன். பதினோராவது மாதம் மொத்தமே ஏழு ஆர்டர்தான் வந்தது. அப்போது இரண்டு வழிகளை யோசித்தேன். ஒன்று, இதே பொருளோடு இதே கடையைத் தொடர்வது. இன்னொன்று, இதை மூடிவிட்டு, வேகமாக விற்பதாக எல்லோரும் சொன்ன கைப்பேசி உறைகளுக்கு மாறுவது. நான் தொடர்ந்தேன், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம்தான் சாயும்.

மாறுவதில் உள்ள நல்லது தெரிந்ததுதான். தேவை இருப்பது உறுதியான பொருள், புது உற்சாகம், பழைய தவறுகளைத் தவிர்க்கும் பக்குவம். மாறி ஜெயித்தவர்களும் உண்டு. இணையக் கடை அமைக்க மென்பொருள் தரும் ஷாப்பிஃபை நிறுவனத்தின் தொடக்கம் 2004-இல் ஸ்னோடெவில் என்ற பெயரில் பனிச்சறுக்குப் பலகை விற்ற ஓர் இணையக் கடை. அந்தக் கடைக்காக எழுதிய மென்பொருள்தான் 2006-இல் ஷாப்பிஃபையாக வெளிவந்தது. ஆனால் அவர்கள் தங்கள் வேலையில் விளைந்த ஒன்றையே கையில் எடுத்தார்கள். நான் யோசித்த உறை வியாபாரம் அப்படி இல்லை. எனக்கு அதில் ஒன்றுமே தெரியாது.

தொடர்ந்தவர்களில், வியாபார மின்னஞ்சல்கள் அனுப்ப உதவும் மெயில்சிம்ப் நிறுவனம் நினைவுக்கு வருகிறது. 2001-இல் பக்கத் தொழிலாகத் தொடங்கி, 2007-இல்தான் முழுநேரத் தொழிலானது. பின்னாளில் அது எவ்வளவு பெரிதானது என்பதைவிட, நடுவில் இருந்த அந்த ஆறு வருடம்தான் எனக்குத் தெம்பு தந்தது.

சரி, என் முடிவுக்கு வருகிறேன். ஆர்டர் எழுதும் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் எழுத்து போடுவேன். புதியவர் என்றால் ‘பு’, ஏற்கெனவே வாங்கியவர் என்றால் ‘ப’. முதல் மூன்று மாதமும் எல்லாமே ‘பு’. பதினோராவது மாதத்தின் ஏழு வரிகளில் நான்கு ‘ப’. விற்பனைத் தொகையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. அந்த நான்கு பேரை வரவைக்க நான் விளம்பரத்துக்கு எதுவும் செலவழிக்கவில்லை. கடையை மாற்றியிருந்தால் அவர்கள் கூடவே வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் தேடி வந்தது காகிதத்துக்காக, எனக்காக இல்லை. புதுக் கடையில் ஒவ்வொரு வரியும் மறுபடி ‘பு’விலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தேடுபொறியிலும் இதே கதைதான். தேடலில் மேலே வருவதற்காகத் தளத்தைச் சீர்செய்யத் தொடங்கி பலன் தெரிய பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று கூகுளே 2017-இல் ஒரு காணொளியில் சொல்லியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தொழில் மாறுகிறவர், நட்ட செடி வேர் பிடிக்கும் நேரத்தில் பிடுங்கிவிட்டு வேறு நடுகிறார்.

தொடர்வது என்றால் அப்படியே இருப்பது இல்லை. அந்த ‘ப’க்களில் ஒருவர், மைப்பேனாவில் எழுதினால் மை ஊறி மறுபக்கம் தெரிகிறது என்று படம் எடுத்து அனுப்பினார். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளை விட்டு, இன்னும் கனமான 100 ஜிஎஸ்எம் தாளுக்கு மாறினேன். அடுத்த மாதமே அவர் மூன்று வாங்கினார். இந்த மாதிரி தகவலை முதல்முறை வாங்குகிறவர் சொல்ல மாட்டார், பேசாமல் போய்விடுவார்.

பழைய வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் பட்டியல் நம் கையில் இருப்பதும் முக்கியம், அவர்கள் சம்மதத்தோடுதான். பலரும் கடை வைக்கும் சந்தைத் தளத்தில் மட்டும் கடை வைத்தால் விதி அந்தத் தளத்தாருடையது. கைவினைப் பொருட்களுக்குப் பேர்போன எட்ஸி என்ற சந்தைத் தளம் தன் விற்பனைக் கட்டணத்தை 2018-இல் 3.5 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாக்கியது, 2022-இல் 6.5 சதவீதமாக்கியது. நான் அங்கேயும் இருக்கலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் அங்கே மட்டும் வேண்டாம்.

என் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது. நான் கடன் வாங்கித் தொடங்கவில்லை, வேறு வருமானமும் இருந்தது. மாதாமாதம் தவணை கட்டுகிறவரிடம் பொறுத்திருங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வராது. கட்டண விளம்பரத்திலும் என் அனுபவம் குறைவு. தொட்டில் மாதிரி வாழ்க்கையில் ஒருமுறை வாங்கும் பொருளுக்கு ‘ப’ கணக்கு உதவாது. அங்கே யார் சொல்லி வந்தார்கள் என்று கேட்டுப் பார்க்கலாம். ஓராண்டு முடிந்தும் ஒரு ‘ப’ கூட விழவில்லை, யாரும் யாரிடமும் சொல்லவில்லை என்றால், நானே மாறியிருப்பேன்.

இப்போது இருபத்தாறாவது மாதம். வளர்ச்சி இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. நோட்டில் மூன்றாவதாக ‘சொ’ என்று ஓர் எழுத்து சேர்த்திருக்கிறேன், பழையவர் சொல்லி வந்தவருக்கு. போன வாரம் அப்படி இரண்டு பேர். இரண்டு பேரையும் அனுப்பியது அந்த மைப்பேனாக்காரர்தான்.